ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

கண்ணாயி பார்ப்பது சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்றுதான் பாறைக்காட்டில் பேச்சு. மாரமங்கலத்துக்குப் பஸ் பிடிக்க நடந்துபோகிறவர்கள் அணைக்கட்டைத் தாண்டும்போதெல்லாம் அவள் கட்டுச்சுவரின் மேல் குந்தியிருப்பதைத்தான் பார்த்திருக்கிறார்கள். அதற்குச் சற்று முன்புவரை அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, இரும்புக் குழாயின் வாயில் இருக்கும் கம்பிச் சல்லடையில் ஒட்டிய இலையையும் சருகையும் கையால் வழித்துப் போட்டுக்கொண்டிருந்ததை யாரும் பார்த்ததில்லை. ஈரச் சேலை காயட்டும் என்றுதான் வெயிலில் உட்காருவாள். அது காய்ந்து முடிவதற்குள் சல்லடை மறுபடி அடைத்துக்கொள்ளும்.

நாற்பதைத் தாண்டியிருந்தாள். கால் விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. கணவன் ஐயாக்கண்ணு மிளகு பறிக்க ஏறிய சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தபிறகு வீட்டோடு கிடந்தான். அவனைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டி, களி கிண்டி மூடிவைத்துவிட்டு விடியும்போது இறங்கினால், பொழுது சாயும்போதுதான் மறுபடி மலையேறுவாள்.

அணைக்கட்டு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு சரிவுகளுக்கு நடுவே ஆற்றை மறித்துக் கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய சுவர், அவ்வளவுதான். கல்லருவி எஸ்டேட்காரர்கள் கரண்டுக்காகக் கட்டியது. தேங்கிய தண்ணீர் இரும்புக் குழாய் வழியாகச் சரிவில் இறங்கி, ஆற்றின் வளைவுக்கு அப்பால் இருக்கும் பவர் ஹவுஸில் டர்பைனைச் சுற்றிவிட்டு மறுபடி ஆற்றில் சேரும். அந்தக் கரண்டில்தான் எஸ்டேட்டின் பல்ப்பர் ஓடியது. பறித்த காப்பிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைப் பிரிக்கிற மெஷின் அது. பறித்த அன்றே உரிக்காவிட்டால் பழம் புளித்து நாறிவிடும்.

கட்டும் காலத்தில் பாறைக்காட்டுக்காரர்கள் பெரிய சண்டை பிடித்தார்கள். ஐப்பசி மழையில் ஆறு புரண்டு வரும்போது கெண்டையும் கல்லொட்டியும் கீழேயிருந்து தண்ணீரை எதிர்த்து மேலேறும். ஊருக்கு மேலே ஆறு அகன்று, கூழாங்கற்களின் மேல் மெல்லிசாக ஓடுகிற இடத்தில்தான் முட்டையிடும். ஏத்துமீன் என்பார்கள். சாமையும் ராகியும் தின்று அலுத்த நாக்குக்கு வருஷத்தில் அந்த ஒரு பருவம்தான் மீன். சுவரை எழுப்பினால் மீன் எப்படி ஏறும் என்று கேட்டுச் சிமெண்ட் லாரிக்கு முன்னால் ஊரே உட்கார்ந்துகொண்டது. அப்போதைய முதலாளி இறங்கிவந்து பேசி, சுவரின் இடது ஓரத்தில் தொட்டி தொட்டியாகப் படி இறக்கிக் கட்டித் தந்தார். உச்சித் தொட்டியின் வாயில் ஒரு பலகை. கட்டு நிறைந்திருக்கும்போது பலகையைத் தூக்கினால் தண்ணீர் ஒவ்வொரு தொட்டியாக நிரம்பி வழிந்து கீழே மடுவில் விழும். மடுவில் இருக்கும் மீன் ஒவ்வொரு தொட்டியாகத் தாவி மேலே போகும். மீன்படி என்று அதற்குப் பேர். பலகையைக் கவனிக்கப் பாறைக்காட்டு ஆள் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்றும் அப்போது பேசி முடித்தார்கள். முதலில் ஐயாக்கண்ணுவின் சித்தப்பா இருந்தார். அவருக்குப் பிறகு கண்ணாயி.

நல்ல மழை பெய்த வருஷங்களில் சிக்கலே இல்லை. குழாய்க்கும் தண்ணீர், படிக்கும் தண்ணீர். பவர் ஹவுஸில் டர்பைனைப் பார்த்துக்கொண்ட மனுவேல், தண்ணீர் குறைகிறபோது தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பியால் ஓங்கித் தட்டுவார். சத்தம் வளைவைத் தாண்டி மேலே வரும். கண்ணாயி பலகையைக் கொஞ்சம் இறக்குவாள். பிறகு மெல்ல ஏற்றிவிடுவாள். இப்படியே இருவரும் முகம் பார்க்காமல் வருஷக்கணக்காகச் சண்டைபோட்டு, வருஷக்கணக்காகச் சமாதானமாகவும் இருந்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஆவணி, புரட்டாசி இரண்டும் காய்ந்தன. அதே வருஷம் காப்பி மட்டும் கிளை முறியக் காய்த்து, வழக்கத்துக்கு முன்னாலேயே ஒன்றாகப் பழுத்துத் தொலைத்தது. எஸ்டேட் கூலிகள் குடியிருந்த லைன் வீடுகளின் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகூட இல்லாமல் பறித்தார்கள். மத்தியானத்தில் பழம் வரத் தொடங்கினால் பல்ப்பர் இரவு வெகுநேரம் ஓடும். அது நிற்கும்போது அணைக்கட்டில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். பிறகு இரவெல்லாம் ஊறி, மறுநாள் உச்சிப்பொழுதில்தான் பலகை மட்டத்துக்கு வரும். வந்ததும் பழமும் வந்துவிடும்.

ஐப்பசி நடுவில் ஒரே ஒரு நாள் இடியோடு மழை கொட்டியது. அதோடு சரி. ஆனால் அந்த ஒரு மழைத் தண்ணீரின் வாசனையைப் பிடித்துக்கொண்டு மீன்கள் ஏறி வந்துவிட்டன. காலையில் கண்ணாயி சுவரிலிருந்து எட்டிப் பார்த்தபோது கீழே மடு கறுத்துக் கிடந்தது. முதலில் இலைகள் என்று நினைத்தாள். பிறகு அந்தக் கறுப்பு மொத்தமாகத் திரும்பியது.

அன்றே எஸ்டேட் மேனேஜர் பெரியநாயகம் அணைக்கட்டுக்கு வந்தார். மஃப்ளர் சுற்றிய கழுத்தும், சரியாகத் தூங்காத கண்ணுமாக இருந்தார். சேலத்தில் இருக்கும் முதலாளியிடமிருந்து தினம் போன் வருகிறது என்று மனுவேல் சொல்லியிருந்தார்.

"கண்ணாயி, பழம் முடியறவரைக்கும் பலகையத் தூக்கக் கூடாது" என்றார்.

"ஏனுங்க, மீனு வந்துருச்சுங்களே. மடுவப் பாருங்க."

"பாத்தேன். என்னை என்ன பண்ணச் சொல்றே? பழம் காத்திருக்குமா?"

"அதுவுங் காத்திருக்காதுங்க. வயித்துல முட்டையோட வந்து நிக்குது."

அவர் மடுவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தூக்கிடாதே, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் பாறைக்காட்டிலிருந்து ஆள்கள் வந்தார்கள். முன்னால் வெங்கடாசலம். ஐயாக்கண்ணுவின் அண்ணன், ஊர்க்காரியம் எதுவானாலும் அவர்தான் பேசுவார்.

"பலக ஏன் எறங்கிக் கெடக்குது?" என்றார்.

"தண்ணி பத்தலீங்க மாமா."

"பத்தலைன்னா அவங்களுக்குப் பத்தாமப் போகட்டும். உன்னைய எதுக்கு அங்க உட்கார வெச்சிருக்குது? அவங்க மெசினுக்குக் காவல் காக்கவா?"

கூட வந்தவர்களில் ஒருவன் சிரித்தான். கண்ணாயிக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. அதைவிட அதிகமாகக் கால் வலித்தது. அன்று உச்சிப்பொழுதில் தண்ணீர் பலகை மட்டத்துக்கு வந்ததும், யாரையும் கேட்காமல் பாதியளவு தூக்கிவிட்டாள். இரண்டு பக்கமும் பாதிப் பாதி என்றால் யாரும் வாயைத் திறக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

அது எவ்வளவு தப்பு என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. படியில் வழிந்த தண்ணீர் கணுக்கால் நனையும் அளவுதான் இருந்தது. அதை நம்பிக் கெண்டைகள் முதல் தொட்டியிலும் இரண்டாவது தொட்டியிலும் தாவி ஏறின. கீழே பல்ப்பர் ஓடத் தொடங்கியதும் அணைக்கட்டில் தண்ணீர் மளமளவென்று இறங்கி, பலகைக்குக் கீழே போய்விட்டது. படியின் விளிம்புகள் காய்ந்தன. நடுவழியில் நின்ற மீன்கள் மேலேயும் போக முடியாமல், கீழேயும் வர முடியாமல், தாவித் தாவிக் காய்ந்த கல்லில் விழுந்தன. காக்கைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அவள் கல்லை விட்டெறிந்து விரட்டினாள், இறங்கி நின்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் மடுவுக்குள் தள்ளினாள். முதுகு நிமிர்ந்தபோது வளைவுக்கு அப்பாலிருந்து தண்டவாளம் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் குறைந்து டர்பைன் நின்றுவிட்டது. அன்று வந்த பழத்தில் பாதி உரிக்கப்படாமல் கிடந்து புளித்தது.

மறுநாள் மேனேஜரும் திட்டினார், வெங்கடாசலமும் திட்டினார். கேட்டு முடித்துவிட்டு அவள் சல்லடையைச் சுத்தம்செய்ய இறங்கிவிட்டாள்.

"இந்த வேலைய உட்டுரு, கண்ணாயி" என்றான் ஐயாக்கண்ணு. அன்று இருட்டியபின் வீட்டில் அவள் விளக்கேற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மூட்ட எழ வேண்டும், எழ முடியவில்லை.

"உட்டுட்டு?"

"எங்கண்ணனே போயி உட்காரட்டும். அப்பத் தெரியும் அவனுக்கு."

"அவரு உட்கார்ந்தா முத நாளே மண்ட ஒடையும்."

"ஒடையட்டுமே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது. பிறகு சொன்னாள்: "அந்தப் படியில மீனு கெடந்து துடிச்சதைப் பாத்துட்டேனுங்க. இல்லாட்டி உட்டுருவேன்."

சனிக்கிழமை காலை அவள் இறங்கியபோது மடுவைச் சுற்றி ஆள்கள். பாறைக்காட்டு ஆண்கள் மூங்கில் கூடைகளோடு வந்திருந்தார்கள். இரண்டு பேர் பழைய கொசுவலை ஒன்றை விரித்துப் பிடித்திருந்தார்கள். வெங்கடாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறையின் மேல் நின்றார்.

கண்ணாயிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சரிவில் ஓடி இறங்கி, மடுவுக்குள் முழங்கால் அளவுத் தண்ணீரில் போய் நின்றுகொண்டாள். மீன்கள் அவள் காலில் இடித்துக்கொண்டு விலகின.

"என்னுங்க மாமா இது?"

"மேல வராத மீனு நமக்கென்னத்துக்கு? இங்கயே அள்ளிக்கிறோம். ரெண்டு நாள்ல லைன்காரங்க வந்து அள்ளப் போறாங்க. அதுக்கு முந்தி நாம அள்ளுனா என்ன?"

"முட்டையோட இருக்குதுங்க. இதை அள்ளீட்டா அடுத்த வருசம் ஏறி வர என்ன இருக்கும்?"

"அடுத்த வருசம் மட்டும் அவன் தண்ணி உடுவானாக்கும்?" வெங்கடாசலத்தின் குரலில் கோபம்கூட இல்லை. அவரும் அலுத்துப்போயிருந்தார். அந்த வருஷம் சாமை கருகிவிட்டது. அவர் வீட்டுக் குதிரில் தவிட்டைத் தவிர வேறொன்றும் இல்லை என்று கண்ணாயிக்குத் தெரியும். கூடையோடு நின்ற எல்லாருடைய வீட்டிலும் அப்படித்தான். அவளுக்கு அவர்கள்மேல் ஆத்திரம் வரவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒரு நாள் பொறுங்க" என்றாள். "நாளைக்குப் படியில முழுசாத் தண்ணி உடறேன்."

"எப்படி உடுவே? மெசின நிறுத்திப்போடுவானா அந்த மேனேசரு?"

"நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள மீனு மேல ஏறாட்டி நீங்களே அள்ளிக்குங்க. நானும் வந்து கூடையப் புடிக்கறேன்."

வெங்கடாசலம் அவளை உற்றுப் பார்த்தார். மடுவின் நடுவில், சேலை நனைய, தலை கலைந்து நின்ற தம்பி மனைவியைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, கொசுவலைக்காரர்களிடம் கையசைத்தார். "சுருட்டுங்கடா. நாளைக்கு நானே வந்து உட்கார்ந்து பாக்கறேன்."

அவர்கள் போனபிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது கண்ணாயிக்கு உறைத்தது. மேனேஜரிடம் போய்ப் பயனில்லை. மனுவேலைக் கேட்டால் அந்த மனிதர் வேலை போய்விடும். பல்ப்பர் ஒரு நாள் ஓடாமல் இருக்க வேண்டுமென்றால் பழம் வரக் கூடாது. பழம் வராமல் இருக்க வேண்டுமென்றால் பறிக்கக் கூடாது. இதை யோசித்துக்கொண்டே அன்று சாயங்காலம் அவள் வீட்டுப் பாதையில் ஏறாமல் லைன் வீடுகளின் பக்கம் இறங்கினாள்.

லைன் பெண்கள் கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து தாத்தன் காலத்தில் வந்து குடியேறியவர்கள். பாறைக்காட்டுக்காரர்களோடு சம்பந்தம் கிடையாது. சந்தையில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. அவர்களுக்குள் வேலம்மாள் சொன்னால் எடுபடும். பறிக்கும் கூட்டத்துக்கு முன்னால் நிற்பவள். கண்ணாயி போனபோது வேலம்மாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல், நின்றபடியே கண்ணை மூடியிருந்தாள்.

"வேலம்மா, கொடம் வழியுது."

வேலம்மாள் திடுக்கிட்டு விழித்தாள். கண்ணாயியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "மீனைப் பத்தித்தான் பேச வந்தியா? எங்கிட்டப் பேசாதக்கா. முந்தாநாள் பழம் புளிச்சுப்போச்சுன்னு மேனேஜரு எங்களைத்தான் காச்சி எடுத்தாரு. உங்க மீனு மேல போனா எங்களுக்கென்ன, கீழ போனா எங்களுக்கென்ன?"

சொல்ல வந்ததையெல்லாம் கண்ணாயி விழுங்கிக்கொண்டாள். வேலம்மாள் சொல்வதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் போகலாம் என்று நினைத்தாள், ஆனால் ஏற்றத்தை நினைத்தபோது கால் நகரவில்லை. குழாயடிக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, மயக்கமா?"

"இல்ல. சித்த நேரம் உட்கார்ந்துக்கறேன். கால்ல சக்தி இல்ல."

வேலம்மாள் குழாயை மூடிவிட்டு அவள் காலைப் பார்த்தாள். வெடிப்பில் சேறு புகுந்து ரத்தம் கசிந்திருந்தது. தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். காப்பிக் காம்பு கிழித்து, பழச்சாறு ஊறி, விரல் நுனியெல்லாம் கறுத்துப் பிளந்திருந்தது. பிறகு அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"கைய மடக்கவே முடியல" என்றாள். "ராத்திரி புள்ளைக்குச் சோறு பெசஞ்சு குடுக்கறப்ப எரியுது. அதுகிட்டயே பெசஞ்சுக்கோன்னு குடுத்துடறேன்."

"எப்ப வேலம்மா நீ கடேசியாத் தலைக்கு எண்ணெ வெச்சுக் குளிச்சே?"

வேலம்மாள் யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். "தெரியலக்கா" என்றாள். "பழம் ஆரம்பிச்சதிலிருந்து ஞாயித்துக்கிழமையே வரல பாரு எங்களுக்கு. தீபாவளிக்குக்கூட மத்தியானம் கூப்பிட்டுட்டாங்க. கூடப் பறிக்கற அம்மணி நேத்துச் செடிக்குள்ளயே படுத்துத் தூங்கிட்டா. பாம்பு கடிச்சுப் போட்டுதோன்னு நாங்க பதறிப் போனோம்."

குழாயில் சொட்டிய தண்ணீர் குடத்தின் விளிம்பில் விழுந்துகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தபடி இருந்தார்கள். கண்ணாயி எழுந்திருக்கலாம் என்று முழங்காலில் கையை ஊன்றியபோது, வேலம்மாள் திடீரென்று சொன்னாள்:

"நாளைக்கு நான் எந்திரிக்கப் போறதில்ல."

"என்ன?"

"எந்திரிக்கப் போறதில்லன்னேன். மேஸ்திரி வந்து கதவைத் தட்டுனாலுஞ் சரி. எல்லாருக்கும் சொல்லிப்போடறேன். ஒரு நாள் கெடந்தா பழம் உதுந்து போயிருமா? கொஞ்சம் உதுரட்டும்." பிறகு கண்ணாயியின் பக்கம் திரும்பி விரலை ஆட்டினாள். "உன் மீனுக்காக இல்ல, ஆமா. எங்களுக்காக."

"சரி" என்றாள் கண்ணாயி.

போகிற வழியில் பவர் ஹவுஸின் ஜன்னல் வழியாக மனுவேலிடம் விஷயத்தைச் சொன்னாள். எண்ணெய்க் கறை படிந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார். டர்பைன் இரைச்சலில் இரண்டு தரம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"பழம் வராட்டி நான் ஏம்மா வால்வைத் தொறக்கப் போறேன்?" என்றார். "செல்வமேரி தனியாத்தான் ஏற்காட்டுக் கோயிலுக்குப் போயிட்டு வந்துட்டு இருக்கா. ஃபாதரே கேட்டாராம், உம் புருஷன் உசுரோட இருக்கானான்னு."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கண்ணாயி சுவரின் மேல் போய் நின்றாள். முந்தின நாள் பழமெல்லாம் இரவு வெகுநேரம் உரித்திருந்ததால் கட்டு வற்றிக் கிடந்தது. கீழே மடுவோரப் பாறையில் வெங்கடாசலம் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் மேலே பாதையில் நின்றார்கள். வழக்கமாக அந்நேரத்துக்குப் பறிக்கப் போகும் பெண்களின் பேச்சு சரிவெங்கும் கேட்கும். அன்று கேட்கவில்லை. லைன் வீடுகளின் பக்கமிருந்து மேஸ்திரியின் கூச்சல் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது. மனுவேலும் செல்வமேரியும் வெள்ளையும் சொள்ளையுமாகப் பஸ்ஸுக்குப் போனார்கள்.

தண்ணீர் ஏறியது. இவ்வளவு மெதுவாக ஏறும் என்று இத்தனை வருஷத்தில் அவள் கவனித்ததே இல்லை. பத்துத் தரம் பார்த்தாலும் அதே இடத்தில் நிற்பதுபோல் இருந்தது. வெயில் சுவரின் மேல் ஏறி, அவள் முதுகைச் சுட்டு, பலகையின் மேல் விளிம்புக்குத் தண்ணீர் எட்டியபோது, பாதையில் ஜீப் வந்து நின்றது.

பெரியநாயகம் இறங்கினார். மஃப்ளர் இல்லை. பாதி சவரம் செய்த முகம்.

"நீதான் போய்ச் சொன்னியா அவங்ககிட்ட?"

"போனேனுங்க. நான் சொல்றதுக்குள்ள அவங்களே சொல்லிப்போட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"எந்திரிக்க மாட்டோமுன்னு."

"நாளைக்கு ரெண்டு மடங்கு பழம் வரும். தெரியுமா உனக்கு?"

"தெரியுங்க."

அவர் பலகையையும் அணைக்கட்டையும் பார்த்தார். கட்டு நிறைந்துவிட்டது, இனிமேல் வருகிற தண்ணீர் சுவர்மேல் வழிந்து வீணாகத்தான் போகும். உரிக்கப் பழமும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அன்று காரணம் எதுவும் இல்லாமல் போய்விட்டது.

"நானும் மூணு வாரமாச் சரியாத் தூங்கலை, கண்ணாயி" என்றார், யாரிடமோ முறையிடுவதுபோல. பிறகு சுவரின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

கண்ணாயி கடப்பாறையால் நெம்பிப் பலகையை முழுசாகத் தூக்கினாள். தண்ணீர் உச்சித் தொட்டியில் குதித்தது. அது நிரம்பி அடுத்ததில் விழுந்தது. காய்ந்த சருகும், செத்துக் கிடந்த இரண்டு மீனும் அடித்துக்கொண்டு போயின. கடைசித் தொட்டி வழிந்து மடுவில் விழுந்த சத்தம் கேட்டதும் கறுப்பு மொத்தமும் ஒரே பக்கமாகத் திரும்பியது.

அவள் அதைப் பார்த்தாள். அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை. படியோரம் ஒரு பாறை நிழல் இருந்தது. கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம் என்று போனாள். தலை பாறையில் பட்டதுதான் தெரியும்.

எழுந்தபோது வெயில் எதிர்ச்சரிவுக்குப் போயிருந்தது. யாரோ அவள்மேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார்கள். வெங்கடாசலத்தின் துண்டு. அவர் படியின் நடுவில், முழங்கால்வரை தண்ணீரில், கையில் ஒரு குச்சியோடு நின்று காக்கைகளை விரட்டிக்கொண்டிருந்தார். பெரியநாயகம் காலுறையைக் கழற்றிவைத்துவிட்டு தொட்டியின் எதிர்ப்பக்க விளிம்பில் குந்தி, விழுந்த மீன் ஒன்றைப் பிடித்து மேலே விட முயன்றுகொண்டிருந்தார். அது அவர் கையிலிருந்து வழுக்கி, அவரை நனைத்துவிட்டுத் தானே தாவியது.

"மாமா, ஏறிச்சுங்களா?"

"ஏறாம? இன்னமும் ஏறுது. நீ பாட்டுக்குத் தூங்கிப்போட்டே."

அவள் எழுந்து மடுவை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் தெளிந்து, அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. ஓரத்தில் ஒன்றிரண்டு மட்டும் திரிந்தன. பொழுது சாயும்வரை காத்திருந்து, பலகையை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

"எப்படி ஏறுச்சு? சொல்லு" என்றான் ஐயாக்கண்ணு. நாள் முழுக்கப் படுத்துக்கொண்டே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"எனக்குத் தெரியாதுங்க. தூங்கிட்டேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். இடுப்பு வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தான். கண்ணாயிக்கு முதலில் கோபம் வந்தது.

திங்கட்கிழமை இரண்டு மடங்கு பழம் வந்தது. கொஞ்சம் உதிர்ந்தும் போயிருந்தது. மனுவேல் அன்று விடியும்வரை வீட்டுக்குப் போகவில்லை. சேலத்திலிருந்து பெரியநாயகத்துக்கு என்ன போன் வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் லைன் பெண்களிடம் அவர் சத்தம்போடவில்லை; அடுத்த ஞாயிறும் அவர்கள் எழுந்திருக்கவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அந்த ஞாயிறுகளில் பின்தங்கி வந்த மீன்களும் ஏறின. மேலே பாறைக்காட்டில் கார்த்திகைக் குளிரில் முட்டையிட்டு முடித்த மீன்களைப் பிடித்தார்கள். வெங்கடாசலம் ஒரு கூடை மீனைக் கண்ணாயியிடம் கொடுத்து, லைன் வீடுகளுக்குக் கொண்டுபோகச் சொன்னார். வேலம்மாள் வாங்கிக்கொண்டாள். முள் அதிகம் என்று சொன்னாள்.

அடுத்த வருஷம் மழை சரியாகப் பெய்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. பல்ப்பர் ஓடாத அந்த ஒரு நாள் தனக்கும் மாற்று ஆள் கிடைத்தால் வீட்டில் கிடக்கலாமே என்று கண்ணாயி மேனேஜரிடம் கேட்டாள். பார்க்கலாம் என்றார். வெங்கடாசலத்திடமும் கேட்டாள். அவரும் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். இரண்டு பேரும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.